கோ போட்டு ஒரு புள்ளி

முதல் பெஞ்சுக்கு வெயில் வந்தாச்சு, நாமினல் ரோலும் வந்தாச்சு. ரெண்டும் ஒண்ணாத்தான் கெளம்பியிருக்கு, எது மொதல்ல அஞ்சாவது பெஞ்சுக்கு, என் பெஞ்சுக்கு, வந்து சேரும்னு பாக்கணும், நான் வெயில் பக்கம், ஏன்னா வெயில் எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கிட்டு நிக்காது. டிசம்பர்லேர்ந்து நான் குறிச்சு வெச்சிருக்கேன், ரெண்டாவது பீரியட் மணி அடிக்கும்போது ஜன்னல் கம்பியோட நிழல் தரையில எங்க விழுதுன்னு சாக்பீஸ்ல ஒரு கோடு, திங்கக்கெழமைக்கு ஒண்ணு, கூட்டுற ஆயா அழிச்சிருவாங்க, நான் மறுபடி போடுவேன், கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒரு பக்கமா நகந்துச்சு, லீவு முடிஞ்சு வந்து பாத்தா திரும்பி வந்துக்கிட்டிருக்கு, யாரோ போதும் திரும்பி வாடான்னு கூப்பிட்ட மாதிரி. ஜமீலாகிட்ட சொன்னேன், "இதெல்லாம் பரீட்சைக்கு வருமாடி?"ன்னா. வராது. பரீட்சைக்கு வர்றதுதான் இப்ப முதல் பெஞ்சுல இருக்கு, பத்தாவது பரீட்சைக்கு அனுப்புற நாமினல் ரோலு, எங்க க்ளாஸ் நாப்பத்தொரு பேரோட பேரு, தலைப்பெழுத்து, பொறந்த தேதி, அப்பா பேரு, அம்மா பேரு, தமிழ்ல ஒருக்கா இங்கிலீஷ்ல ஒருக்கா, அவங்கவங்க வரிய அவங்கவங்க பாத்து, சரியா இருந்தா கையெழுத்துப் போட்டு பின்னாடி தள்ளணும், தப்பு இருந்தா எந்திரிச்சு சொல்லணும். பிரமிளா டீச்சர் தமிழ்ப் புத்தகத்த மூடி வெச்சுட்டு சொல்லிட்டாங்க, "ஒவ்வொரு எழுத்தா பாருங்க. காலேஜு, வேல, பாஸ்போர்ட்டு எல்லாத்துக்கும் இந்தப் பேருதான் வரப்போகுது. இன்னிக்கு மத்தியானம் இது போயிரும். அப்புறம் ஒரு எழுத்து மாறிப்போச்சு டீச்சர்னு வந்து நின்னீங்கன்னா மெட்ராசுக்குத்தான் அலையணும், நான் பொறுப்பில்ல." ஒரு எழுத்துன்னு அவங்க சொல்லும்போது என்னப் பாத்தாங்களா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுச்சான்னு தெரியல. எனக்கு ஒரே ஒரு எழுத்துதான் பிரச்சினை. வெயிலோ பேப்பரோ, எது வந்தாலும் அதுக்குள்ள நான் முடிவு பண்ணணும், ஜி-யா, கே-யா.

அய்யோ இந்தக் குளிரு. பொங்கல் முடிஞ்சும் விடமாட்டேங்குது. காலையில தேங்கா எண்ண பாட்டில் கல்லாட்டம் இருந்துச்சு, அடுப்போரம் வெச்சு உருக்கி ஜடை போட்டுட்டு வந்தா பள்ளத்தத் தாண்டுறதுக்குள்ள தலையில மறுபடி வெள்ளையா திட்டுத் திட்டா நிக்குது, ஜமீலா பாத்துட்டு "பொடுகா, எண்ணெயா?"ன்னு கேக்குறா. கீழ் டிவிஷன்ல தேயிலையெல்லாம் நெருப்பு வெச்ச மாதிரி கருகிக் கெடக்கு, பனி பட்டு கருகுறதுக்கும் தீப்பட்டு கருகுறதுக்கும் எப்படி ஒரே கலர் வருது, சயின்ஸ் சார்கிட்ட கேக்கணும்னு ஒரு வாரமா நெனைக்கிறேன். ஆனா இந்தக் குளிர்ல ஒண்ணு இருக்கு, பேச்ச கண்ணால பாக்கலாம். வாயத் தொறந்தா புகை வருதில்ல, எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி வரல, நான் நடந்து வரும்போது சோதிச்சுப் பாத்தேன், ப-ன்னா பொசுக்குன்னு ஒரு உருண்டை, ச-ன்னா நீளமா நூலு, ம-ன்னா மொதல்ல மூக்கு வழியா. சரி, கோ சொல்லிப் பாப்போம்னு சொன்னேன். கோகிலா. உருண்டை எட்டி முன்னாடி போச்சு. கோவர்த்தனன். அதே கோ-தான, ஆனா புகை வாய்கிட்டயே கொழகொழன்னு நின்னுருச்சு. கோகிலா, கோவர்த்தனன், கோகிலா, கோவர்த்தனன்னு நான் சொல்லிக்கிட்டே வர்றதப் பாத்து ஸ்கூல் கேட்டுல வாட்ச்மேன் அண்ணன் "என்னம்மா, மனப்பாடச் செய்யுளா?"ன்னு கேட்டுட்டாரு. கோகிலா எங்கம்மா. கோவர்த்தனன் எங்கப்பா. ரெண்டு பேருக்கும் தமிழ்ல தலைப்பெழுத்து கோ. இங்கிலீஷ்ல எழுதுனா அம்மா கே, அப்பா ஜி. தமிழு ஒண்ணும் கேக்காது, கோ போட்டு ஒரு புள்ளி வெச்சா முடிஞ்சுது, உள்ள யாரு உக்காந்திருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது, நான் அம்மா பொண்ணுன்னும் சொல்லலாம் அப்பா பொண்ணுன்னும் சொல்லலாம். இங்கிலீஷுதான் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு, சொல்லு, யாரு, யாருன்னு கேக்குது.

ரெண்டாவது பெஞ்சு. பின்னாடி பசங்க வரிசையில இருமுறானுங்க. என் பேருக்குள்ளயே ஒரு க இருக்கு, சுகந்தினி, அது என்ன க, கே-யா ஜி-யா, அதுக்கும் சண்ட வந்துச்சு ஒண்ணாம் வகுப்புல சேக்கும்போது. அப்பாதான் ஜி-ன்னு எழுத வெச்சாராம். பிரமிளா டீச்சர் ஒருநாள் சொன்னாங்க, தமிழ்ல க-வுக்குன்னு தனியா ஒரு சத்தம் கெடையாது, எங்க உக்காந்திருக்கு, பக்கத்துல யாரு இருக்கான்னு பாத்துத்தான் சத்தம் போடும், கண்ணுல ஒண்ணு, தங்கத்துல ஒண்ணு, முகத்துல ஒண்ணு. எனக்கு அன்னிக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னு தெரியல, வீட்டுக்குப் போற வழியெல்லாம் மக்கு, மகன், மங்கு, காக்கா, கங்காருன்னு கத்திக்கிட்டே போனேன். ஜி எழுத அப்பாதான் கத்துக்குடுத்தாரு. அப்பா அப்ப பிக்கப் வண்டி ஓட்டுனாரு, கேரட் ஏத்திக்கிட்டு மேட்டுப்பாளையம் போவாரு, வண்டிக் கண்ணாடியில பனி மூடியிருக்கும், வெரல வெச்சு ஒரு ஜி போடுவாரு, "காது வரையுற மாதிரி வரை, கடைசியில தோடு மாட்டிவிடு, அவ்ளோதான் ஜி"ம்பாரு. நான் போடுவேன். ரெண்டு ஜி-க்கு நடுவுல ரோடு தெரியும். நான் நாலாவது படிக்கும்போது திருப்பூருக்குப் போறேன், வேல பாத்துட்டு வரேன்னு போனாரு, வரல. மொதல்ல போன் வந்துச்சு, அப்புறம் அம்மாகூட மட்டும் பேசுனாரு, அப்புறம் அம்மாகூடவும் பேசல. போன வருஷம் அவரு வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல ஒரு போட்டோ, மொட்ட போட்ட பையன், தலையெல்லாம் சந்தனம், ரெண்டு வயசு இருக்கும், அவரு மடியில. அம்மா பாத்தா. போன கீழ வெச்சுட்டு, "சோத்துல கல்லு கெடக்கு, பாத்து சாப்புடு"ன்னா. சோத்துல கல்லே இல்ல.

கோவம்னா கோவம், அவ்வளவு கோவம் எனக்கு அந்த ஆள் மேல, கோவத்துக்கும் அதே கோதான் பாரு, போடுறதுக்கு வேற எழுத்தே கெடைக்கலியா. ஆனா அந்தப் பையன் மேல வரமாட்டேங்குது, அதான் என் பிரச்சினையே. அந்தப் போட்டோவ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கேன், அம்மாவுக்குத் தெரியாது. காது என் காது மாதிரியே வெளிய நிக்குது. அவன் பேரு என்னன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், முன்னாடி ஜி இருக்கும்னு மட்டும் தெரியும், அவனுக்கும் எனக்கும் பொதுவா இருக்குறது அந்த ஒரு எழுத்துதான், பெருசானதும் எங்கயாவது ஒரு லிஸ்ட்ல மேலயும் கீழயும் வருவோமோ என்னவோ, அப்ப அவன் என் பேரப் பாத்தா யாருன்னு தெரியாமலே போயிருவான். நான் கே-ன்னு மாத்திட்டா அதுவும் இல்ல. அதுக்காக ஜி-ய வெச்சுக்கிட்டா, பனியில நின்னு நின்னு வெரல் நுனியெல்லாம் வெடிச்சு, அதுல வாஸ்லினத் தடவிக்கிட்டு என்னப் படிக்க வெக்கிறவளுக்கு என் பேருல எங்க எடம்? ஆதார்ல ஜி, ஜாதி சர்ட்டிபிகேட்ல ஜி, மாத்துனா எல்லாத்தையும் மாத்தணும், ஒவ்வொரு கவுன்ட்டராப் போய் நின்னு ஏன் மாத்துற, அப்பா எங்க, இருக்காரா இல்லியான்னு கேப்பாங்க, இருக்காருன்னு சொல்லணுமா இல்லன்னு சொல்லணுமா. அந்த பயம் வேற. 

மூணாவது பெஞ்சுக்குப் போயிருச்சு பேப்பரு, வெயிலு இன்னும் ரெண்டாவதுலயே இருக்கு, நான் தோக்கப்போறேன் போல. நேத்து சாயங்காலம் அம்மாகிட்ட கேட்டேன், வேல முடிஞ்சு வந்து அடுப்பு முன்னாடி கையக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. "அம்மா, நாளைக்கு நாமினல் ரோலு. எந்த எழுத்து போடட்டும்?" "எனக்கென்ன தெரியும், படிக்கிறவ நீ." "உனக்கு என்ன ஆச, அதச் சொல்லு." "எனக்கு இந்தத் தண்ணி சூடாகணும்னு ஆச." "வெளயாடாதம்மா." "நான் எங்கடி வெளயாடுறேன், கை வெறைச்சுப் போயிருக்கு." இப்படித்தான், எப்பக் கேட்டாலும் இப்படித்தான், பிடிகுடுக்கவே மாட்டா. எங்கம்மா இன்னும் அப்பா எழுத்தத்தான் முன்னாடி போட்டுக்கிறா, கோ. கோகிலா, கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தானாம், நான் ஆறாவது படிக்கும்போது பெத்தவங்க கூட்டத்துல டீச்சர் சத்தமாப் படிச்சுட்டாங்க, கோ கோகிலான்னு, பசங்க பின்னாடியிருந்து கோ கோ, கோ கோன்னு கோ-கோ ஆட்டத்துல உக்காந்திருக்குறவன எழுப்பக் கத்துற மாதிரி கத்துனானுங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு, அம்மாதான் சிரிச்சா, "ஓடுனவரு ஓடிட்டாரு, நான்தான் உக்காந்திருக்கேன்"னா மெதுவா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி. அந்த ஆளு போய் ஆறு வருஷம் ஆகியும் ஏன் அந்த எழுத்த விடல, பழக்கமா, இல்ல வருவாருன்னா, இதையும் கேட்டுப் பாத்திருக்கேன், "கையி தானா போடுது, நான் என்ன பண்ண"ன்னா. நேத்து நான் விடாம நச்சரிச்சதுல, "ஒரு வெள்ளத்தாளு எடு"ன்னா. எடுத்துக் குடுத்தேன். "டீச்சரு லெட்டர் கேட்டாங்கன்னா வேணுமில்ல. எந்த எழுத்து வேணுமோ மேல நீயே எழுதிக்க, கீழ நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்." "வெறும் தாள்ல கையெழுத்து போடக்கூடாதும்மா." "எம் பொண்ணு என்னத்த எழுதி வாங்கிரப் போறா, அடுப்பையா?"ன்னுட்டு, அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டு, பலகையில வெச்சு, குனிஞ்சு எழுதுனா. தோட்டத்துல தினம் ரெண்டு வேள கையெழுத்துப் போடுறவ, கண்ண மூடிக்கிட்டே போடுவா, நேத்து ரொம்ப நேரம் ஆச்சு. குளிர்ல வெரலு மடங்கலன்னு நெனச்சேன். நாலா மடிச்சு என் ஜாமெட்ரி பாக்ஸ்ல வெச்சு மூடிட்டா. அது இப்ப இங்கதான் இருக்கு, காம்பஸுக்குக் கீழ. நான் பிரிக்கல. பிரிச்சா எழுதணும், எழுதுறதுன்னா முடிவு பண்ணணும். எழுத்த மாத்துனா அம்மாவுக்கு சந்தோஷமா இருக்குமா, இல்ல அந்த ஆளு அடியோட போயிட்டாருன்னு ஆயிருமேன்னு உள்ளுக்குள்ள அழுவாளா, அது தெரிஞ்சா போதும் எனக்கு, அத மட்டும்தான் சொல்லமாட்டேங்குறா.

"ஏய், வந்துருச்சுடி." ஜமீலா முழங்கையால இடிக்கிறா. அவ அவளுதப் பாத்துட்டா, அ. ஜமீலா, எல்லாம் சரி, கொடுத்துவெச்சவ, ரெண்டு பாஷையிலயும் ஒரே எழுத்து, கையெழுத்தப் போட்டுட்டு என் பக்கம் தள்ளுறா, பேனாவும் கூடவே உருண்டு வருது. வெயிலு நாலாவது பெஞ்சோட கடைசி ஓரத்துல நிக்குது, தோத்துட்டேன். முப்பத்திரெண்டாவது வரி. கோ. சுகந்தினி. பொறந்த தேதி சரி. தகப்பனார் பெயர் கோவர்த்தனன், தாயார் பெயர் கோகிலா. பக்கத்துல இங்கிலீஷ்ல சுகந்தினி, தள்ளி, கே. கே-யா? கண்ணத் தொடச்சுட்டுப் பாக்குறேன். கே-தான். நேரா ஒரு கோடு, அதுமேல சாஞ்சு நிக்கிற ரெண்டு கோடு. நான் ஒண்ணும் பண்ணலியே, யாருகிட்டயும் சொல்லலியே, ஆபீஸ்ல தமிழ்ல இருந்த கோ-வப் பாத்து, கோன்னா கே-தானன்னு தட்டிட்டாங்க போல, பின்ன என்ன, வேற எந்த ஊர்லயாவது இப்படி ஒரு தப்பு நடக்குமா. ஒரு வாரமா ராப்பகலா நான் மண்டைய ஒடைச்சுக்கிட்டு இருக்கேன், யாரோ டீ குடிச்சுக்கிட்டே ஒத்த வெரல்ல முடிச்சுட்டாங்க. சிரிப்பு வருது. கையெழுத்து மட்டும் போட்டாப் போதும், லெட்டர் வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், நாளைக்கு அந்த ஆளு கேட்டாக்கூட ஆபீஸ்ல தப்பா அடிச்சுட்டாங்கன்னு சொல்லிரலாம், அம்மா கேட்டாலும் அதையே சொல்லலாம், அந்தப் பையன் பெரியவனாகி என்னைக்காவது கேட்டா அவன்கிட்டயும். பேனாவ எடுத்தாச்சு. கோ-ன்னு ஆரம்பிக்கணும், பேனாவ மறுபடி மூடிட்டேன். ஏன் மூடுனேன், பயமா. இல்ல. அம்மா கேட்டா தப்பா அடிச்சுட்டாங்கன்னு சொல்றதா? என் பேருல அவ வந்து உக்காந்திருக்குறது ஒரு தப்புன்னு நானே அவகிட்ட சொல்றதா? அவளும் சரின்னு கேட்டுக்கிட்டு, தண்ணி சூடாயிருச்சான்னு பாருன்னு சொல்லுவா, சொல்லிட்டு அந்தப் பக்கமாத் திரும்பிக்குவா.

"என்ன சுகந்தினி, அங்கயே தூங்கிட்டியா? என்ன பிரச்சினை?" எந்திரிச்சுட்டேன், எப்ப எந்திரிச்சேன்னு தெரியல. "தப்பா அடிச்சிருக்காங்க டீச்சர். இங்கிலீஷ்ல ஜி இருக்கணும், கே இருக்கு." "பாத்தியா, இதுக்குத்தான் சொன்னேன். கொண்டா, திருத்திருவோம்." செவப்புப் பேனா மூடியத் தொறந்துட்டாங்க, பேப்பரு அவங்க மேசையில, பேனா முள்ளு என் வரிமேல எறங்குது, அய்யோ எறங்குது, "வேண்டாம் டீச்சர்!" இவ்ளோ சத்தமா சொல்லியிருக்க வேண்டாம், எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. "வேண்டாமா? தப்புன்னு நீதானம்மா சொன்ன?" "அவங்க தப்பாத்தான் அடிச்சாங்க டீச்சர். ஆனா எனக்கு அதுதான் வேணும்." டீச்சர் பேனாவ அப்படியே புடிச்சுக்கிட்டு என்னப் பாக்குறாங்க. "கே யாரு?" கோகிலான்னு சொல்றேன், எங்கம்மான்னு சொல்றேன், சொல்லும்போது புகை உருண்டையா டீச்சர் மேச வரைக்கும் போகுது, நான் பாத்தேன். பின்னாடி வரிசையில எவனோ கோ கோன்னு ஆரம்பிக்கிறான். "வாய மூடுறா"ன்னு டீச்சர் ஒரு சத்தம் போட்டதுல அவன் இருமுறதயும் சேத்து நிறுத்திட்டான். அப்புறம் பேனாவ மூடுனாங்க. "போடலாம், அதுக்கு வழி இருக்கு. ஆனா அம்மாவுக்குத் தெரியுமா? அம்மா கையெழுத்தோட லெட்டர் வேணும், இன்னிக்கே வேணும்." "இருக்கு டீச்சர். எழுதணும்." "இருக்குங்குற, எழுதணுங்குற, ஒண்ணும் புரியல. போ, இந்தப் பீரியடுக்குள்ள குடு."

உக்காந்தா பெஞ்சு சுடுது. வெயில் வந்துருக்கு, நான் நின்னுக்கிட்டிருந்தப்ப வந்து என் எடத்துல உக்காந்திருக்கு. ஜாமெட்ரி பாக்ஸ ஜமீலாவே தொறந்து தர்றா, தாளு அதுலதான் இருக்குன்னு காலையிலயே அவகிட்ட சொல்லியிருந்தேன். காம்பஸு, அதுக்குக் கீழ நாலா மடிச்ச தாளு, அடுப்புப் புகை வாசம் இன்னும் இருக்கு. கடிதம் எழுதத் தெரியாதா எனக்கு, மாதிரிப் பரீட்சையில பத்துக்குப் பத்து வாங்குனவ, அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், இப்படிக்கு, ஆனா பரீட்சையில அனுப்புநர்ல சொந்தப் பேரு எழுதக்கூடாது, அ அ அன்னுதான் போடணும், நெஜமா ஒருத்தர் பேரு போட்டு இதான் மொதத் தடவ. அனுப்புநர்னு எழுதுறேன். அதுக்குக் கீழ அம்மா பேரு. கோ. கோகிலான்னு எழுதணும், கோ எழுதியும் ஆச்சு, புள்ளி வெக்கிறதுக்கு முன்னாடி, எப்படிப் போடுறான்னு பாத்துக்குவோம், மேலயும் கீழயும் ஒரே மாதிரி இருக்கணுமில்லன்னு கடைசி மடிப்பையும் பிரிக்கிறேன். கீழ மூலையில, கோணலா, ஒவ்வொரு எழுத்தா வரைஞ்சு வெச்ச மாதிரி இருக்கு. மு. கோகிலா.

மு யாரு? வேற யாரோட தாளோன்னு ஒரு நிமிஷம் திருப்பிப் பாக்குறேன். மு. முத்துச்சாமி. அம்மாவப் பெத்தவரு, நான் பொறக்குறதுக்கு முன்னாடியே செத்துப்போனவரு, அவரு எழுத்து. பள்ளிக்கூடம் போறப்ப போட்டது, பதினாறு வருஷமா போடாதது, அதான் கை நெனவுபடுத்திப் பாத்துப் பாத்து எழுதியிருக்கு, அதான் அவ்ளோ நேரம். நான் எந்த எழுத்து எழுதுவேன்னு அவளுக்குத் தெரியாது. நான் ஜி-ன்னு எழுதியிருந்தாலும் கீழ இதுதான் இருந்திருக்கும். அம்மா, லூசு அம்மா, வாயத் தொறந்து சொன்னா என்ன. கண்ணு எரியுது, வெயிலு நேரா மூஞ்சியில அடிக்குது, ஜமீலா "என்னடி, எழுதலியா?"ங்குறா. "எழுதுறேன் இரு"ங்குறேன். அனுப்புநருக்குக் கீழ எழுதுன கோ-வ அடிச்சுட்டு, பக்கத்துல மு போட்டு ஒரு புள்ளி வெக்கிறேன்.